உப்புத் தண்ணியில் இரும்பு வேகும்

போன வாரம் காரை சர்வீஸுக்கு விட்டிருந்தேன். ஏசி ஹால், சோபா, இலவசக் காபி. கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒரு தம்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மேடம், உங்க வண்டிக்கு அண்டர்பாடி கோட்டிங் இன்னும் பண்ணலை. பண்ணிட்டீங்கன்னா துருவே பிடிக்காது."

துரு என்றால் என்ன, எங்கிருந்து வருகிறது, எப்படிப் பரவுகிறது என்று டேப்லெட்டில் படம் போட்டு விளக்கினார். நான் சமர்த்தாகத் தலையாட்டிக்கொண்டு கேட்டேன். துருவைப் பற்றி என்னிடமா? நான் துருவோடு ஒரே வீட்டில் வளர்ந்தவள் தம்பி!

அப்புறம் என்னைக் கூட்டிப்போய் டிக்கியைத் திறந்து காட்டினார். முகம் மாறிவிட்டது.

"மேடம்... இது என்ன?"

டிக்கியின் தரை முழுக்க ஒரு சாக்கு மெத்தை. சணல் சாக்குகளை அடுக்கிக் கோணி ஊசியால் தைத்து, ஓரத்தில் பழைய சுங்குடிச் சேலையின் கரையை வைத்து மடித்திருந்தது. அம்மாவின் கைவேலை. எப்போது தைத்தாள், எப்போது கொண்டுவந்து போட்டாள்? சத்தியமாக எனக்குத் தெரியாது.

"இதை உடனே எடுத்துடுங்க மேடம். ஈரம் பட்டா அப்படியே உறிஞ்சி வெச்சுக்கும். கீழே தகடு போயிடும்."

அந்தத் தம்பிக்குத் தெரியாது. இந்த ஒரு விஷயம் மட்டும் என் அம்மாவின் காதில் விழுந்துவிடக் கூடாது என்று ஒரு மனிதர் எத்தனையோ வருடம் படாத பாடு பட்டார். அவர் என் அப்பா.

தொண்ணூறுகளின் நடுவில், திண்டுக்கல்லில், அப்பா ஒரு பிக்கப் வண்டி வைத்திருந்தார். பழைய வண்டிதான். வெள்ளை நிறம், நெற்றியில் 'அந்தோணியார் துணை'. "இந்த வயசில் சொந்த வண்டி உனக்கு எதுக்கு சவரிமுத்து?" என்று சொந்தபந்தம் மொத்தமும் தடுத்தபோது, "நீங்க வாங்குங்க, பாத்துக்கலாம்" என்று சொன்ன ஒரே ஆள் அம்மா. அதனால் அந்த வண்டி அப்பாவுக்குப் பிழைப்பு, அம்மாவுக்கு மானப் பிரச்சினை. வண்டி ஓடினால் வீடு ஓடும். நின்றால், "நாங்க அப்பவே சொன்னோமே" என்று சொல்ல ஒரு கூட்டமே காத்திருந்தது.

வண்டிக்கு நிரந்தர லோடு தோல். வடமதுரை பக்கமிருந்து ஆட்டுத்தோலை ஏற்றிவந்து பேகம்பூரில் ரஹீம் பாய் மண்டியில் இறக்க வேண்டும். தோல் கெடாமல் இருக்க உப்புப் போட்டு அடுக்கியிருப்பார்கள். வருகிற வழியெல்லாம் உப்புத் தண்ணீர் சொட்டும். நாற்றத்துக்கும் உப்புக்கும் பயந்து மற்ற வண்டிக்காரர்கள் தோல் என்றாலே ஓடிவிடுவார்கள். அப்பா ஓடவில்லை. மற்றவர்கள் தொடாத லோடு என்பதால்தான் வாரம் தவறாமல் அவருக்குக் கிடைத்தது.

கடலே இல்லாத ஊரில் எங்கள் வண்டி மட்டும் கப்பல் மாதிரி துருப்பிடித்ததற்கு இதுதான் காரணம். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். எங்கள் வண்டியின் தளம் ரஹீம் பாயை நினைத்து நினைத்தே இளைத்துக்கொண்டிருந்தது.

சரி, கழுவினால் போயிற்று... என்கிறீர்களா?

எதில் கழுவுவது? அந்தக் காலத்துத் திண்டுக்கல்காரர்களைக் கேளுங்கள். எங்கள் வீட்டு போர் தண்ணீர் உப்பு. சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது, தலைக்கு ஊற்றினால் முடி சணல் ஆகிவிடும். குழாயில் நல்ல தண்ணீர் என்றைக்கு வரும் என்பது ஆண்டவருக்கும் தண்ணீர் திறந்துவிடுகிறவருக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம். வந்த அன்றைக்கு வீட்டிலிருக்கிற அண்டா, குடம், சொம்பு, ஊறுகாய் ஜாடி வரைக்கும் அம்மா பிடித்துவைப்பாள். அந்தத் தண்ணீருக்கு அவள்தான் ராணி. அவளைக் கேட்காமல் ஒரு டம்ளர் மொள்ள முடியாது.

அப்பாவுக்கோ அந்த நல்ல தண்ணீர் வேண்டும். வண்டிக்கு!

"அம்புட்டுத் தண்ணியையும் வண்டிக்கு ஊத்திட்டு, நாளைக்கு எதுல பருப்பு வேக வைக்கிறதாம்?"

"உப்புத் தண்ணியில பருப்புதான் வேகாது. இரும்பு நல்லா வெந்துரும்" என்பார் அப்பா.

"வேகட்டும். உங்களுக்கு அதையே வெஞ்சனமா வைக்கிறேன்!"

இந்தச் சண்டை எங்கள் வீட்டில் ஜெபமாலை மாதிரி. தினமும் நடக்கும். ஒருமுறை கோயில் திருவிழாவில் சாமியார் வரிசையாக வண்டிகளை மந்திரித்துத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வந்தார். எங்கள் வண்டி முறை வந்தபோது அப்பா மிகப் பணிவாகச் சொன்னார்: "சாமி, கொஞ்சம் அடிப்பக்கமும் தெளிச்சு விடுங்க." தீர்த்தம் நல்ல தண்ணீர் அல்லவா? அம்மா முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

மற்றபடி அப்பா வண்டியைத் தாங்கின தாங்கல் கொஞ்சநஞ்சமல்ல. சனிக்கிழமை சாயங்காலம் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்துவிடுவார். கிரீஸ் கன்னும் கையுமாக ஒவ்வொரு நிப்பிளாகத் தேடிப் போய் கிரீஸ் அடிப்பார். பின்பக்க ஆக்ஸிலைத் துணியால் துடைத்து, எங்கேயாவது ஆயில் கசிகிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பார். கடைசியாக, பழைய இன்ஜின் ஆயிலில் டீசல் கலந்து அடிப்பக்கம் முழுக்கப் பூசுவார். வெளியே வரும்போது அப்பாவின் பல்லும் கண்ணும் மட்டும்தான் வெள்ளையாக இருக்கும். அந்த டீசல் வாசனை இப்போதும் எங்கேயாவது வந்தால் நான் செத்த நேரம் நின்றுவிடுவேன்.

சண்டை முற்றிப்போன ஒரு கோடையில் அம்மாவே சமாதானத்துக்கு வந்தாள். ஆனால் தண்ணீரோடு அல்ல, சாக்கோடு.

"தோல்ல இருந்து சொட்டுற தண்ணி தகட்டுல பட்டாத்தான துரு? படாம நான் பாத்துக்கிறேன்."

கோணி ஊசியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வண்டித் தளத்தை முழம் போட்டுக் கையாலேயே அளந்து, அதற்குச் சரியாக ஒரு சாக்கு மெத்தை. ஓரத்துக்கு அவளுடைய சின்னாளபட்டி சுங்குடிச் சேலைக் கரை. சிவப்பு நிறத்தில் வெள்ளைப் புள்ளி. எந்த வண்டிக்கு வரும் அப்படி ஒரு அலங்காரம்? அப்பா அசந்துபோய்விட்டார். வண்டி ஸ்டாண்டில் எல்லோரிடமும் விரித்துக் காட்டினார். நல்ல தண்ணீர் சண்டை நின்றுபோனது. வீடே அமைதி.

அந்த வருடம் மழைக்காலம் முடியும் நேரம், வண்டியின் பின்பக்கமிருந்து ஒரு சத்தம் கேட்க ஆரம்பித்தது. 'ஊ...' என்று யாரோ தூரத்தில் சங்கு ஊதுகிற மாதிரி. வேகம் கூடினால் சத்தமும் கூடும். எஃப்.சி.க்கு வண்டியைக் காட்ட வேண்டிய நேரம் வேறு நெருங்கியிருந்தது. எஃப்.சி. கிடைக்காவிட்டால் வண்டி ரோட்டில் இறங்க முடியாது. அப்பா நேராக மெக்கானிக் பாண்டி அண்ணனின் பட்டறைக்கு விட்டுவிட்டார்.

நான் அப்போது காலேஜ் படித்துக்கொண்டிருந்தேன். லீவு நாள். அப்பாவுக்குச் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போன நேரம், வண்டிக்கு அடியிலிருந்து பாண்டி அண்ணனின் குரல் மட்டும் வந்தது.

"அண்ணே, செத்த வந்து பாருங்க. ஆக்ஸில் ஆயிலா, டீக்கடை டீயான்னு தெரியல!"

கிண்ணத்தில் பிடித்துக் காட்டினார். நிஜமாகவே பால் டீ நிறம். ஆயிலோடு தண்ணீர் கலந்துவிட்டது, பேரிங் போய்விட்டது, அதுதான் அந்தச் சங்குச் சத்தம். ஆக்ஸில் கூட்டுக்குள் தண்ணீர் எப்படிப் போனது? காற்றுப் போக மேலே வைத்திருக்கிற சின்ன மூடி துருப்பிடித்து உதிர்ந்திருந்தது. அந்த இடத்தில் உப்புத் தண்ணீர் மேலிருந்து சொட்டிச் சொட்டி...

மேலிருந்தா? மேலேதான் தளம் இருக்கிறதே?

அப்பாவும் பாண்டி அண்ணனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அம்மாவின் மெத்தையைத் தூக்கப் பார்த்தார்கள். தூக்க முடியவில்லை. அவ்வளவு கனம். மாதக்கணக்கில் உப்புத் தண்ணீரைக் குடித்து ஊறிப்போய்த் தகட்டோடு ஒட்டிக்கிடந்தது. பிய்த்து எடுத்தபோது கூடவே தளமும் வந்தது... பொரித்த அப்பளம் மாதிரி. ஓட்டை வழியாகக் கீழே ஆக்ஸில் தெரிந்தது.

மெத்தை இல்லாதபோது சொட்டிய தண்ணீர் ஓடியாவது போனது. காற்றில் காய்ந்தாவது போனது. மெத்தை வந்த பிறகு அது போகவில்லை. உப்பை வண்டியிடம் அண்டவிடாமல் தடுக்க அம்மா தைத்தது, உப்பை வண்டியோடு சேர்த்து அணைத்துப் பிடித்திருந்தது.

அப்பா அந்தச் சிவப்புக் கரையையே பார்த்துக்கொண்டு நின்றார். வண்டி போச்சே என்று அழப்போகிறார் என்று நினைத்தேன். என் பக்கம் திரும்பினார்.

"தாயி, இது உங்கம்மாவுக்குத் தெரியக் கூடாது."

"அப்பா..."

"வாங்குங்கன்னு சொன்னவ அவ ஒருத்திதான். அவ கையாலயே போச்சுன்னு தெரிஞ்சா அதுக்கப்புறம் தலை நிமிர மாட்டா. பாண்டி, ஒனக்கும்தான் சொல்றேன்."

பாண்டி அண்ணன் டிங்கர் ஆளைக் கூட்டிவந்து, பழைய தளத்தை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் அடித்தார். ரெட் ஆக்சைடு பூசி, அதன்மேல் கறுப்பு பெயிண்ட். ஆக்ஸிலைப் பிரித்துப் புது பேரிங், புது ஆயில் சீல். காற்றுப் போகிற இடத்தில் ஒரு ரப்பர் குழாயை மாட்டி, தண்ணீர் எட்டாத உயரத்துக்குக் கொண்டுபோய்க் கட்டினார். அப்பா அத்தனை நாளும் பட்டறையிலேயே கிடந்தார். எஃப்.சி. பார்க்க வந்த அதிகாரி சுத்தியலால் தளத்தைத் தட்டித் தட்டிப் பார்த்தாராம். 'டங்'கென்று மணி மாதிரி சத்தம் வந்தது என்று அப்பா சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி: "தளம் நல்லா இருந்துச்சாமா?"

அப்பா காதைச் சொறிந்தார். பொய் சொல்லும்போது அவருக்கு இடது காது அரிக்கும். "ஆக்ஸில்லதான் சின்ன வேலை. தளம் தங்கம் மாதிரி இருக்கு. எல்லாம் ஒன் மெத்தையாலதான்."

அம்மாவின் முகம் மலர்ந்ததே, அதைப் பார்க்க வேண்டுமே! அடுத்து அவள் சொன்னதைக் கேட்டுத்தான் அப்பாவுக்கு இடி விழுந்தது.

"அப்ப இன்னொன்னு தச்சிருறேன். இந்தத் தடவை இன்னும் கனமா!"

அதிலிருந்து ஆரம்பித்தது நாடகம். காலையில் அம்மா வாசலில் நின்று பார்க்க, அப்பா மெத்தையை வண்டித் தளத்தில் விரிப்பார். சுருக்கம் இல்லாமல் தடவிவிடுவார். வண்டி கிளம்பும். தெருமுனை திரும்பியதும் நிற்கும். மெத்தையைச் சுருட்டி சீட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போவார். சாயங்காலம் அதே தெருமுனையில் நிறுத்தி மறுபடி விரித்துக்கொண்டு வீட்டுக்கு வருவார்.

பிரச்சினை அதோடு முடியவில்லை. தோல் ஏற்றிய வண்டியின் மெத்தை புதுசாகவே இருந்தால் அம்மாவுக்குச் சந்தேகம் வராதா? அதனால் ரஹீம் பாயும் சதியில் சேர்ந்தார். மண்டியில் லோடு இறக்கியதும் மெத்தையைத் தரையில் போட்டு நாலு மிதி மிதிப்பார். மேலே ஒரு கைப்பிடி உப்பைத் தூவுவார்.

"யா அல்லா! வண்டியில உப்புப் படக் கூடாதுன்னு தங்கச்சி மெத்தை தைக்குது. மெத்தையில உப்புப் படலையேன்னு நீ என்கிட்ட உப்புக் கேக்குற. ஒன் குடும்பத்துல யாருக்காச்சும் புத்தி இருக்கா சவரி?"

வண்டியைக் காப்பாற்றுவது சுலபமாகத்தான் இருந்தது. அம்மாவின் பெருமையைக் காப்பாற்றத்தான் இத்தனை பாடு! உங்கள் வீட்டிலும் இப்படி ஏதாவது ஒரு நாடகம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். இல்லாத வீடு உண்டா என்ன?

அப்படியானால் உப்பை எதில்தான் கழுவினார் அப்பா? அதையும் ஒருநாள் கண்டுபிடித்தேன். வாரம் ஒருமுறை பழனி தாண்டி நெய்க்காரப்பட்டிக்கு உர லோடு போவார். ஒருநாள் நானும் தொற்றிக்கொண்டேன். மூட்டைகளை இறக்கியதும் வண்டி ஊருக்குத் திரும்பாமல் ஒரு தோட்டத்துக்குள் போனது. பம்ப்செட் ஓடிக்கொண்டிருந்தது. மலைப்பக்கத் தண்ணீர். கையில் அள்ளிக் குடித்தேன். அப்படி ஒரு இனிப்பு!

"ஏனுங்க, இன்னைக்குப் பாப்பாவையும் கூட்டியாந்துட்டீங்களா? வண்டியை நல்லா குளிப்பாட்டுங்க. தண்ணி வாய்க்காலுக்குத்தானுங்க போகுது" என்றார் தோட்டக்காரர்.

அப்பா குடம் குடமாக ஊற்றினார். தளத்தில், சக்கரத்து இடுக்கில், ஆக்ஸில் மேல், அடியில் படுத்துக்கொண்டு சேஸிஸ் முழுக்க. எங்கள் வீட்டில் ஒரு டம்ளருக்குக் கெஞ்சிய மனிதர், அங்கே ராஜா மாதிரி தண்ணீரை வாரி இறைத்தார். நனைந்த தலையோடு என்னைப் பார்த்துச் சிரித்தார். அப்பாவை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் முதலில் வருவது அந்த முகம்தான்.

வருடத்துக்கு ஒரு மெத்தை என்று அம்மா தைத்துக்கொண்டே இருந்தாள். பழையவை ரஹீம் பாய் மண்டியில் சேர்ந்தன. மூட்டை தூக்குகிறவர்கள் எல்லோரும் சுங்குடிக் கரை வைத்த மெத்தையில் உட்கார்ந்து டீ குடித்த ஒரே மண்டி, எனக்குத் தெரிந்து, அதுதான். இரண்டாயிரத்துக்குப் பிறகு, அப்பாவுக்கு முதுகு ஒத்துழைக்காமல் போனபோது வண்டியை விற்றோம். வாங்கவந்தவர் தளத்தைத் தட்டிப் பார்த்து, "தோல் ஏத்தின வண்டின்னு சொன்னா யாரு நம்புவா!" என்றார். அம்மா தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்: "எல்லாம் சாக்கு மெத்தைங்க!"

அப்பாவுக்குக் காது அரித்தது.

அப்பா போய்ச் சேர்ந்து சில வருடங்கள் ஆகின்றன. அம்மா இப்போது திருச்சியில் என்னோடுதான் இருக்கிறாள்.

சர்வீஸ் முடிந்து வீட்டுக்கு வந்தேன். அந்தத் தம்பி சுருட்டிக்கொடுத்த மெத்தையை எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன். அம்மா பால்கனியில் உட்கார்ந்திருந்தாள். என் கையைப் பார்த்தாள்.

"என்னடி, எடுத்துட்டு வந்துட்ட?"

"ரொம்ப நல்லா இருக்குன்னு சொன்னாங்கம்மா. அழுக்காயிருமேன்னு நான்தான்..." என்று இழுத்தேன். என்னையறியாமல் கை இடது காதுக்குப் போய்விட்டது.

அம்மா சிரித்தாள். பல்லில்லாத வாயோடு, சத்தமாக.

"துரு பிடிக்கும்னு சொல்லியிருப்பான். அதானே?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"தெருமுனை வரைக்கும் போட்டுட்டுப் போ. அப்புறம் சுருட்டிக்க. உங்கப்பா அப்படித்தான் செய்வாரு."

"அம்மா! உனக்குத் தெரியுமா?"

"மொட்டை மாடியில துணி காயப் போடுறவளுக்குத் தெருமுனை தெரியாதாக்கும்?"

"அப்ப ஏம்மா ஒரு வார்த்தை சொல்லல? வருசாவருசம் ஏன் தச்ச?"

"சொல்லியிருந்தா மறுபடி நல்ல தண்ணியைக் கேட்டிருப்பாருல்ல!"

சொல்லிவிட்டு மெத்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். கரையைத் தடவிக்கொண்டே இருந்தாள். என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "உங்கப்பா வண்டி இது இல்லாம வாசலை விட்டுக் கிளம்பினதே இல்ல. ஒன் வண்டி வெறிச்சுன்னு போகுது. பாக்க முடியல."

மறுநாள் காலையில் மெத்தையை டிக்கியில் விரித்தேன். சுருக்கம் இல்லாமல் தடவிவிட்டேன். காரைக் கிளப்பி, தெருமுனையில் நிறுத்தி, இறங்கிச் சுருட்டினேன்.

அண்ணாந்து பார்த்தேன். பால்கனியில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். கையில் காயப் போடத் துணி எதுவும் இல்லை.